தண்ணி முறை

செவ்வாய் பின்னேரம் பஸ்லியாவும் நானும் சேர்ந்துதான் போவது.
இன்று அவளுடைய சின்னவனுக்குக் காய்ச்சல்.
கலிமாவைத் தமிழில் எழுதிய துண்டுக் கடதாசியைச்
சங்கக்கடையடியில் வைத்துத் தந்தாள்.
"நேரம் வந்தா காதோட சொல்லு. அவசரப்படாத."
திருநீற்றை அழிப்பதா என்று கேட்டேன்.
"அவருக்குக் கண் மங்கல்" என்று சிரித்தாள்.

சம்மாந்துறை ஆஸ்பத்திரி, ஏழாம் கட்டில்.
உதுமாலெவ்வை, எழுபத்தொன்று, ஈரல்.
உடம்பில் சாரன் மட்டும்தான் பாரமாகக் கிடந்தது.

பயிற்சியில் சொல்லித் தந்த கேள்வியை எடுத்தேன்:
மனதில் ஏதும் இறக்கி வைக்க இருக்கிறதா?

"வட்டைக்குத் தண்ணி உட்டுட்டானுகளா?"

தெரியாது.
வரும்போது வாய்க்காலைப் பார்த்திருக்கலாம்.
பார்க்கவில்லை.

மின்விசிறி ஒரு பக்கமாகத் தட்டிக்கொண்டு சுற்றியது.
"தமிழ்ப் புள்ளயா? பேச்சில தெரியுது.
என்ட வரவைக்குப் பக்கத்தில கந்தப்போடிர வரவை.
எம்பத்தேழு, சிறுபோகம். அவன்ட முறை.
ராவைக்கி வரம்ப வெட்டி நான் பாய்ச்சிட்டன்.
அவன்ட பயிர் குடலையிலயே காஞ்சி போச்சு.
மறுகா கலவரம். எங்க போனானோ.
உன்னட்டச் சொன்னா அவனுக்குப் போகுமா?"

மன்னிக்க நான் யார்?
என் அப்பா கச்சேரியில் பியோன்,
எங்களுக்கு ஒரு சாண் வயல் கிடையாது.
போகும் என்று சொல்ல வாய் உன்னியது.
போகாது என்பதும் எனக்குத் தெரியாது.

"நான் கேட்டுட்டன் காக்கா. வடிவாக் கேட்டுட்டன்."

"எத்தின ஏக்கர் எண்டு நீ கேக்கல்லயே."

"எத்தின?"

"ஒண்டர."

தாதி காட்டியபடி பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன்.
ஒரு துளி.
விழுங்கவில்லை. நாக்கு மெல்ல வந்து
அதைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.
"மடைய அட" என்றார்.

ஐந்தரைக்கு மருமகன் வந்தார், ஹெல்மெட்டைக் கழற்றாமல்.
கடதாசியைக் கொடுத்தேன்.
"இது எனக்குப் பாடம்தானே" என்றார்,
என்றாலும் பேனை எடுத்து
பஸ்லியாவின் எழுத்தில் ஒரு புள்ளியைத் திருத்தி
மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

காரைதீவு பஸ் வாய்க்கால் பாலத்தில் மெதுவானது.
எட்டிப் பார்த்தேன்.
வந்திருந்தது,
கலங்கலாக,
ஒற்றைச் செருப்பொன்றை இழுத்துக்கொண்டு.

அடுத்த செவ்வாய்க்கு ஏழு நாள்.

மணிக்கயிற்றை இழுத்தேன்.