தோல் பார்க்கிறவன்

ஐந்தாம் நாள் காலை
மகளின் கணுக்காலில் தோல் உரிந்தது.
வெங்காயச் சருகு மாதிரி.
அடுக்கம்பாறை ஆஸ்பத்திரியின் ஜன்னல் வெளிச்சம்
அதற்குள் புகுந்து அந்தப் பக்கம் போயிற்று.

பதினொரு வருஷமாய் எனக்குத் தோல்தான் வேலை.
ராணிப்பேட்டையில், ஷெட்டின் வடக்கு வெளிச்சத்தில் நின்று
ஆட்டுத்தோலை விரித்து
உள்ளங்கையால் ஒரு தடவு தடவிச்
சொல்லிவிடுவேன்:
இது முள்வேலியில் மாட்டியது,
இது உண்ணி கடித்தது,
இதற்கு அம்மை வந்து போயிருக்கிறது,
இதை வளர்த்தவனுக்குச் சூடு போடும் பழக்கம்.
ஒன்று, இரண்டு, மூன்று, ரிஜெக்ட்.
சாக்பீஸால் எண் எழுதித் தள்ளிவிடுவேன்.
நாளைக்கு எண்ணூறு.
ஒரு ஆட்டின் முகத்தையும் பார்த்ததில்லை.

அதனால்தான் பதறினேன்.
உரிந்தால் என்ன அர்த்தம் என்று
எனக்குத் தெரியாதா.

நர்ஸ் ஜெபக்கனி சிரிக்கவில்லை.
"இத்தனை மாசம் தண்ணியில கெடந்த புள்ள,
இப்பதான் காத்துக்கு வந்திருக்கு.
உரியும். நீங்க உரிச்சு வுடாதீங்க.
பவுடர் வேணாம், மஞ்சள் வேணாம்.
தொடைக்காதீங்க, ஒத்தி எடுங்க.
அப்புறம் தொடறதுக்கு முன்னாடி கைய..."
என் கையைப் பார்த்தாள்.
வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டு
அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

டிரம்மில் நின்ற நாலு வருஷம்
விரலிடுக்கில் இன்னும் வெடித்துக் கிடக்கிறது.
எலுமிச்சை தேய்த்தேன். புளி தேய்த்தேன்.
வாசனை போனது மாதிரி இருந்தது,
சுகுணா மூக்கைத் திருப்பாத வரைக்கும்.
எமரி பேப்பர் இப்படித்தான்
தன்னை மிருதுவாக நினைத்துக்கொள்ளும்.
முழங்கையின் உட்பக்கத்தால் தொட்டேன்.
பிறகு, யாரும் இல்லாதபோது,
மேலுதட்டால்.

வீட்டுக்கு வந்தோம்.
சிப்காட்டுக்குப் பின்னால் எங்கள் தெரு.
போர் தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டால்
காய்ந்த துணியில் வெள்ளையாய் ஒரு கோடு நிற்கும்.
அந்தக் கோடு பட்ட இடமெல்லாம்
அவள் தொடை சிவந்தது.
மறுநாளிலிருந்து
நாங்கள் குளிப்பது போரில்,
அவள் துணி அலசுவது கேனில்.
ஒரு கேன் முப்பத்தைந்து ரூபாய்.
"மகாராணி வூட்டுத் துணி" என்று
பக்கத்து வீட்டுப் பர்வீன் கேலி செய்தாள்.
வெள்ளிக்கிழமை அவளே ஒரு குடம் நல்ல தண்ணீர்
தம்பியின் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினாள்,
ஒன்றும் சொல்லாமல்.

பச்சைத்தோல் அழுகாமல் இருக்க
முதலில் உப்புதான் கொட்டுவோம், மூட்டை மூட்டையாய்.
அது எங்கே போகிறது என்று நான் கேட்டதில்லை.
கேட்டால்
சம்பளம் எங்கிருந்து வருகிறது என்றும்
சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கும்.

கத்திரி வெயில்.
மலைக்கல் ராத்திரியிலும் சூடு விடுகிற ஊர்.
அவள் கழுத்து மடிப்பில் வேர்க்குரு,
கேழ்வரகு சிந்தினாற்போல.
மடிப்புக்குள் வழிந்த பால் புளித்திருந்தது.
சுகுணா தூங்கட்டும் என்று
ஈரத் துணியால் ஒற்றினேன்,
மடிப்பை விலக்கி மெல்ல ஊதினேன்.
அவள் சிலிர்த்தாள். திரும்ப ஊதினேன்.
இரண்டு மணிக்கு, கரண்ட் இல்லாமல்,
ஒரு சாண் கழுத்துகூட இல்லாத ஒருத்திக்கு
நான் மின்விசிறி.

குப்புற மடியில் போட்டபோதுதான் பார்த்தேன்,
அடிமுதுகில் நாவல்பழக் கறை மாதிரி ஒரு நீலம்.
பிறவி நிறம், தானே மறையும் என்று
முன்பே சொல்லியிருந்தார்கள்.
ஆனாலும் என் கை
முதுகெலும்பில் தொடங்கி ஓரத்துக்குப் போயிற்று,
பழக்கம்.
மனசுக்குள் எண் வந்துவிட்டது.
இரண்டு.

இதை யாரிடமும் சொன்னதில்லை.
சுகுணாவிடமும்.

திங்கட்கிழமை ஷிப்ட்.
மேஜையில் முதலில் விழுந்தது ஒரு குட்டித்தோல்.
வயிற்றுப் பக்கம் சின்னதாய் ஒரு சுழி.
"என்னப்பா, படிக்கிறியா? நம்பரப் போடு"
என்றார் நயீம் பாய்.

போட்டேன்.

மாலை திரும்பும்போது
தோளில் ஒரு கேன்,
உள்ளே தண்ணீர்
நடைக்கு நடை குலுங்கிக்கொண்டு.