ஐந்து மதிப்பெண்

'ஹோல்ட்', கூடவே 'பிரெத்'.
சேர்த்து மூன்று வாக்கியம் எழுதுக.
புத்தகத்தில் உதாரணம் கிரிக்கெட்:
கடைசிப் பந்து, அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

சின்னப்பாலத்துப் பிள்ளைகள் பலரும்
அதையே பார்த்து எழுதியிருந்தார்கள்.
ஒருவன் மட்டும் அரங்கத்தை அடித்துவிட்டு
பாம்பன் பாலம் என்று போட்டிருந்தான்,
ரயில் ஏறும்போது.

இருபத்தாறாவது தாள் ரெக்சிலாவுடையது.
என் அம்மா மூச்சைப் பிடிக்கிறாள்.
பிடித்துக்கொண்டு பாசி எடுக்கிறாள், குருசடைக்குக் கிழக்கே.
பிறகு மேலே வந்து மூச்சை விடுகிறாள்.

விடுவதற்கு அவள் போட்ட சொல் 'லீவ்'.
ஊரை விட்டுப் போகிறோமே,
அந்த லீவ்.
தப்பு. 'லெட் அவுட்' என்று வரணும்.

சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.
ஜன்னலில் கச்சான்.
தாள்கள் எழுந்து உட்கார்ந்தன,
ஸ்டாப்ளரைத் தூக்கி மேலே வைத்தேன்.

போன ஆடியில் ஒரு நாள்
ரெக்சிலா வகுப்புக்கு வரவில்லை.
மறுநாள் கொண்டுவந்த லீவ் லெட்டரில்
மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு,
அதற்குக் கீழே ஒரே வரி:
அம்மா மேலே வர நேரமாகிவிட்டது.

சொல்லைச் சுழிக்கவில்லை.
நாலரை போட்டேன்.
குறைத்த அரை
இலக்கணத்துக்கு.