நாற்பது குறைகிறது

கொருக்குப்பேட்டையில் கேட் போட்டுவிட்டார்கள்.
எண்ணெய் டேங்கர் ரயில்,
அவசரமே இல்லாமல் போகிறது.
பைக்கை அணைத்துவிட்டு போனை எடுக்கிறேன்.
சந்தை மூன்றரைக்கே மூடியாயிற்று, தெரியும்.
இருந்தாலும் கட்டைவிரல் திரையைக் கீழே இழுக்கிறது,
தீர்ந்த பேஸ்ட்டை இன்னொரு தடவை பிதுக்குவதுபோல.
வட்டம் சுற்றுகிறது.
அதே எண்.

எனக்கு ஆலோசகர் கிடையாது.
இருந்த ஒருவர்
எங்கள் தெரு முழுக்க பாலிசி விற்றுவிட்டு
மாதவரத்தில் மாடி வீடு கட்டிக்கொண்டு போனார்.
அதற்கப்புறம் என் பணத்தை நானே பார்க்கிறேன்.
இரண்டு டீமேட், ஐந்து ஃபண்டு,
எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும் ஆப் ஒன்று,
அதை நம்பாமல் ஒரு எக்செல்,
எக்செல்லையும் நம்பாமல்
ஜெனோவாவின் பால் கணக்கு நோட்டில் பென்சில் குறிப்பு.

தொழில் அப்படி.
துறைமுகத்தில் பெட்டி எண்ணுகிறவன்.
தாளில் இருநூற்றுப் பன்னிரண்டு என்றால்
தரையில் இருநூற்றுப் பன்னிரண்டு இருக்கவேண்டும்.
உள்ளே பொம்மையா, பஞ்சா, பழைய டயரா,
நான் கேட்பதில்லை.
சீல் உடையாமல் இருந்தால் சரி.

மூன்று வாரமாக ஒரு கணக்கு இடிக்கிறது.
தண்ணீர் பம்ப் செய்யும் சின்னக் கம்பெனி,
நான் முதன்முதலில் வாங்கின பங்கு.
எக்செல் நூறு என்கிறது,
ஆப் அறுபது.
ஆப்காரர்களுக்கு எழுதிக் கேட்டேன்.
'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று பதில் வந்தது,
அது என்னிடம் இருக்கிறதா என்று கேட்காமலே.

"நாப்பது பங்குக்கு ராத்திரியெல்லாம் முழிச்சிக்கினு கெடக்குற,"
என்றாள் ஜெனோவா.
"மூலக்கொத்தளம் அடகுக்கடையில கெடக்குதே என் வளையல்,
அது உன் ஆப்புல எங்க தெரியுது?"

தெரியவில்லை.
தெரிவதெல்லாம் ஒரு வட்டப் படம்:
பீட்ரூட் நிறத்தில் வங்கிகள்,
மஞ்சளில் மருந்து,
நடுவே மெலிசாக ஒரு துண்டு, எண்ணூர்ப் பக்கத்து ஆலை.
காற்று திரும்பும் இரவுகளில்
அதற்காகத்தான் ஜன்னலைச் சாத்துகிறோம்.
இரண்டே சதவீதம்.
விற்றுவிடலாம் என்று இரண்டு வருடமாக நினைக்கிறேன்.
பச்சையிலேயே இருக்கிறது.

ரயில் முடியவில்லை.
பரிவர்த்தனைகள் என்ற இடத்தைத் தொட்டுப்
பின்னால் தள்ளுகிறேன், இன்னும் பின்னால்.
விரலுக்கடியில் வருடங்கள் வழுக்குகின்றன.
2021, மே பதினொன்று.
விற்றது: நாற்பது.
நேரம்: ஒன்பது பதினாறு.

ஒன்பது பதினாறு.
ஸ்டான்லி வாசலில் நின்றுகொண்டிருந்தேன்,
இரண்டு மாஸ்க், அதற்குள் என் மூச்சின் வெக்கை.
பிளவேந்திரனுக்கு ஒரு சிலிண்டர்.
வியாசர்பாடியில் ஒருவன் தருகிறான், ரொக்கம் மட்டும்.
சந்தை திறந்ததும் விற்றேன்.
விற்ற பணம் கைக்கு வர இரண்டு நாள் ஆகும் என்பது
விற்ற பிறகுதான் உறைத்தது.
நடுவில் ஒரு லீவு வேறு.
ஜெனோவா ஒன்றும் கேட்காமல் வளையலைக் கழற்றினாள்.
சிலிண்டர் வந்தது.
புதன்கிழமை அது பாதியில் இருந்தபோது அவன் போனான்.
பணம் வெள்ளிக்கிழமை வந்தது.

அதற்கு மேல் இன்னொரு வரி இருக்கிறது.
மே பதினேழு.
வாங்கியது:
எண்ணூர் ஆலை.

வளையலை மீட்டிருக்கலாம்.
விலை இறங்கியிருந்தது, அதனால் வாங்கினேன்.
வாங்கியதை அன்றே எக்செல்லில் ஏற்றியிருக்கிறேன்,
விற்றதைத்தான் எழுதவில்லை.
பென்சில் குறிப்பிலும் இல்லை.

கேட் தூக்கிவிட்டார்கள் போல.
"யோவ், ஷேர வூட்ல போயி பாரு!"
கத்தியது ஷேர் ஆட்டோக்காரர்.
பைக்கை ஓரமாகத் தள்ளி நிறுத்துகிறேன்.
நூறை அழித்து அறுபது போடுகிறேன்.
கணக்கு நேராகிவிட்டது.

அடகுக்கடை பத்து மணிக்குத் திறக்கும்,
சந்தை ஒன்பதேகாலுக்கு.
இப்போதெல்லாம் விற்றால்
மறுநாளே பணம் வந்துவிடுகிறது.