பதினோராம் பாத்தி

கரிப்பட்டமுறிப்பில்
மங்களேஸ்வரியின் அரை ஏக்கரில்
கயிறு பிடித்துப் பன்னிரண்டு பாத்தி பிரித்தோம்.
மூன்றுக்குச் சிவப்பு எம்.ஓ.பி.
மூன்றுக்குப் பொற்றாசியம் சல்பேற்று.
மூன்றுக்கு நைத்திரேற்று, பூக்கும்போது இலையில் விசிற.
மிச்சம் மூன்றுக்கும் ஒன்றுமில்லை.
யூரியா மட்டும் எல்லாருக்கும் சமன்.

நைத்திரேற்று இரண்டு கிலோதான்.
சோதனைச்சாவடியில் தமிழ் தெரிந்த ஒருவர்
பையை முகர்ந்து பார்த்து
'இது வெடியுப்பெல்லோ' என்றார்.
பருத்திக்கு, என்றேன்.
பருத்தி எங்கே, என்றார்.
கடிதம், முத்திரை, கடிதத்தின் பிரதி,
பிரதிக்கும் முத்திரை.
பத்தொன்பது நாள்.
அதற்குள் முதல் பூக்கள்
வெளிறிப் பூத்து, மறுநாள் சிவந்து, உதிர்ந்துவிட்டன.
டிலக்சன் முதுகில் தாங்கியோடு நடந்து விசிறியதை
பிந்திப் பூத்தவை மட்டும் குடித்தன.

மார்கழிக் கடைசியில்
ஒன்றும் போடாத பாத்திகளில்
இலைவிளிம்பு மஞ்சளித்துச் செம்புத் தகடாகிக் கொட்டியது.
காய்கள் பாதி வாய் திறந்து
சொல்ல வந்ததை விழுங்கியவர்போல நின்றன.
எம்.ஓ.பி. பாத்தி தடித்து வளர்ந்தது;
தண்ணீர் நின்ற பள்ளத்தில் மட்டும்
நுனி கருகிற்று. குளோரைட்டு.
சல்பேற்றுப் பஞ்சு
விரலில் இழுக்க இழுக்க நீளமாய் வந்தது.
அதன் விலையும் அப்படித்தான்.

மாசியில் பறித்தோம்.
நிறுத்தது நான், எழுதியது டிலக்சன்.
ஒன்பது தசம் ஒன்று.
ஒன்பது தசம் ஆறு.
பிந்திய வெடியுப்பு எட்டு தசம் எட்டு.
ஒன்றும் போடாதது ஆறு தசம் இரண்டு,
ஆறு தசம் நாலு,
பதினோராம் பாத்தி
பத்து தசம் மூன்று.

தராசைத் தட்டிப் பார்த்தேன்.
சாக்கை உதறி மறுபடி தூக்கினோம்.
பத்து தசம் மூன்று.
பிழையாய் எதையும் கொட்டினனியோ?
அம்மாணை இல்லை அக்கா, என்றான்.

ஒரு சுளையை எடுத்து
விதையை நெருடிக்கொண்டே மங்களேஸ்வரி சொன்னாள்:
'அதிலைதான் எங்கடை குசினி நிண்டது.
சாம்பலை உந்தப் பக்கம்தான் கொட்டுவன்.'
எத்தனை வருசம்?
'கலியாணம் கட்டி வந்த நாளிலை இருந்து.'
எதுவரைக்கும் என்று நான் கேட்கவில்லை.
'இருபத்தொண்டு' என்றாள்.
பாலை விறகு, வீரை விறகு,
மழைக்காலத்தில் எரிய மறுத்த ஏதோ விறகு.

விலகிய பெறுமானம், எடுத்துவிடு,
என்றார் தொலைபேசியில் மேலதிகாரி.
எடுத்தால் சராசரி ஒழுங்காகிறது:
விளைச்சலுக்குச் சல்பேற்று,
காசுக்கு எம்.ஓ.பி.
அது பொய்யுமில்லை.
அட்டவணையின் ஓரத்தில் பென்சிலால்
'முன்னர் குசினி' என்று எழுதினேன்.
அதற்கு அலகு இல்லை.

'அப்ப ஏக்கருக்கு எத்தினை கிலோ சாம்பல், பிள்ளை?'
நாளுக்கு ஒரு சிரட்டை என்று வைத்து
முந்நூற்று அறுபத்தைந்தை
இருபத்தொன்றால் பெருக்கத் தொடங்கினேன்.
பாதியில் அவளே மறித்தாள்.
'விடு. இப்ப எனக்குக் காஸ் அடுப்பு.'