வித்

கல்லாறு தாண்டினால்
தண்டவாளத்துக்கு நடுவே பல் முளைத்துவிடும்.
எஞ்சின் பின்னால்.
நான் முன்னால், முதல் பெட்டியின் திறந்த மேடையில்,
ஒரு கையில் பிரேக், ஒரு கையில் பச்சைக் கொடி.
ஏறும்போது எங்களை யாரும் இழுப்பதில்லை,
தள்ளுகிறார்கள்.

அடர்லி தாண்டியதும் சட்டைப்பை அதிர்ந்தது.
ஹில்குரோவில் நின்றபோதுதான் பார்த்தேன்.
பியூலா.
'ஐ கான்ட் புட் அப்'
முற்றுப்புள்ளி இல்லை.

கோபம் வந்தால் அவளுக்கு இங்கிலீஷ் வரும்.
குன்னூர் விடுதி ஒன்றின் வரவேற்பு மேசையில்
ஒன்பது மணிநேரம் சிரிக்கிறவள்
மீந்த இங்கிலீஷை வீட்டுக்கு எடுத்து வருவாள்.

எஞ்சின் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.
இரண்டாம் பெட்டி சகாயநாதனிடம் காட்டினேன்.
டிபார்ட்மென்ட் பரீட்சை மூன்று முறை எழுதி
மூன்று முறையும் இங்கிலீஷில் விழுந்தவன்,
விழுந்த இடமெல்லாம் அவனுக்கு மனப்பாடம்.
"அப்போட நின்னா, தங்க வைக்கிறது.
உங்க அண்ணன் குடும்பம் சீசனுக்கு வருதுல்ல, ஆறு பேர்?
இடமில்லைங்குது.
அதுக்குப் பின்னால வித் வந்தாத்தான் வம்பு.
பொறுத்துக்க முடியாதுன்னு ஆயிடும்."
"ஒரு சொல்லுக்கா?"
"ஒரு கொக்கிக்கு என்ன ஆகும்னு
பிரேக்காரன் கேக்கலாமா?"

அப்போது ஒரு குரங்கு
யாரோ ஒரு பயணியின் முறுக்குப் பொட்டலத்தோடு
கூரைக்குத் தாவியது.
"ரன் அவே வித்," என்றான் சகாயநாதன்.
"வெறுங்கையோட ஓடினா அவே.
முறுக்கோட ஓடினா வித்."

ரன்னிமேடு வரை கொடி ஒரு பக்கம், மனம் ஒரு பக்கம்.
அப் இருக்கிறதே, அது புட்டோடு ஒட்டிக்கொண்டது.
கூடாரத்தை நிறுத்தினாலும், ஆளைத் தங்க வைத்தாலும்
அந்த வீட்டுப் பிள்ளைதான்.
வித் அப்படியில்லை.
ஒரு கையால் அப்பைப் பிடித்துக்கொண்டு
மறு கையைக் காற்றில் நீட்டியிருக்கும்,
யாராவது வந்து பற்றும்வரை.
இரண்டுக்கும் நடுவில் ஆளை நுழைக்க முடியாது.
வித்துக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.
அங்கே நிற்பது அண்ணனா, நானா?

நம் பேச்சில் ஆள் முன்னால் நிற்கிறான்,
என்னைப் போல, முகமெல்லாம் பனியோடு.
வினை கடைசியில் வந்து மூச்சிரைக்கத் தள்ளும்.
இங்கிலீஷ் இறங்குகிற ரயில்.
எஞ்சின் முன்னால் போய்விடும்.
வால் எங்கே கழன்றது என்று அதற்குத் தெரியாது.

நமக்கும் வால் உண்டுதான்.
பதினோரு வருடம்
பியூலா பொறுத்துப் பார்த்தாள்,
பொறுத்துக்கொண்டாள்,
போன மழைக்குப் பிறகு
பொறுத்துத் தொலைத்தாள்.
மூன்றும் ஒன்றென்று நினைத்திருந்தேன்.

ரன்னிமேட்டில் ஒரே சொல் அனுப்பினேன்:
'வித்?'
ஒரு டிக்.
பிறகு சுரங்கம். பிள்ளைகள் ஊளையிட்டார்கள்.
வெளியே வந்தும் ஒரு டிக்தான்.
காட்டேரிப் பக்கம் எப்போதும் சிக்னல் இருக்காது என்று
எனக்கு நானே இரண்டு முறை சொல்லிக்கொண்டேன்.

குன்னூரில் கொடியைச் சுருட்டும்போது
பதில் வந்தது, தமிழில்.

'கேன் தண்ணி தீந்துபோச்சு.
ரெண்டு வாங்கிட்டு வா'

அண்ணனைப் பற்றி ஒன்றுமில்லை.
என்னைப் பற்றியும்.
இதற்கும் முற்றுப்புள்ளி இல்லை.

சகாயநாதன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து
"ரன் அவுட் ஆஃப்," என்றான், பெருமையாக.
நான் கடைசிச் சொல்லையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.