கேட்ட விலை

முக்கூடலில் பஸ் ஏறும்போதே சொல்லிவிட்டேன்:
"அங்க போயி நல்லா ஊதிராதிய.
பழகுற பய மாதிரி ஊதுங்க.
காக்கா கத்தணும்."
சேரன்மாதேவி தாண்டும்வரை அவர் பேசவில்லை.
உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டே வந்தார்,
விரதக்காரன் புரோட்டா கடையைக் கடப்பதுபோல.

டவுன், வாகையடி முக்கு.
ஆவுடையப்பன் விலையை வாயால் சொல்லவில்லை.
கால்குலேட்டரில் தட்டி என் பக்கம் திருப்பினார்.
பதினாலாயிரத்து ஐநூறு.
எட்டு என்றேன்.
எட்டுக்குப் புல்லாங்குழல்கூட வராது என்றார்.

கார்க்கில் வெடிப்பு.
கீழ்ச்சாவி ஸ்பிரிங்கில் துரு.
பெட்டியைத் திறந்தால் பழைய ஆளின் எச்சில் வாடை;
எந்த ஊர் பேண்டு செட்டோ, என்ன கடனோ.
ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தேன்
பெண் பார்க்க வந்த வீட்டில்
காலைப் பார்க்கிற அத்தை மாதிரி.

எனக்குக் கணக்கு பீடியில்தான் வரும்.
ஐநூறு என்றால் ரெண்டாயிரம் பீடி.
அவர் தலையை ஆட்டும்போதெல்லாம்
என் மடிச் சுளகில் இலை குறைந்தது,
கூடியது,
குறைந்தது.

டீ வந்தது.
கடைக்காரன் டீயைக் குடித்தால் வாய் இனிக்கும்,
பேரம் புளிக்கும்.
நான் தொடவில்லை.
இவர் குடித்துவிட்டார், சவம்.

பேரம் எனக்கு யாரும் சொல்லித் தந்ததல்ல.
கொடைக்கு மேளம் பேச வருகிற கமிட்டிக்காரர்கள்
எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றாமல் பேசுவார்கள்:
"ரெண்டு ராத்திரிக்கு ஆறா? அஞ்சுக்கு முடி வே.
ஊதுறதுதான, காத்துதான."
கதவுக்குப் பின்னால் நின்று
கேட்டுக் கேட்டு வந்தது.

பத்தரைக்கு இறங்கிவிட்டது.
"ஊதிப் பாக்கட்டும்," என்றார்.
இவர் ஊதினார். காக்கா கத்தியது.
"புதுசா பழகுதாரோ?"
"ஆமா, ஆடிக்குப் பொறவுதான்."
பத்து என்று என் நாக்கில் வந்துவிட்டது.

பக்கத்தில் ஒரு காலேஜ் பையன்
கீபோர்டில் மோகனம் தேடிக்கொண்டிருந்தான்.
ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில்
அதில் இல்லாத மத்யமத்தை மிதித்தான்.
அதுகூட எனக்குத் தெரியும்,
இருபது வருசக் குடித்தனம்.

மூன்றாவது தடவை இவரால் முடியவில்லை.

ஒரே மூச்சு.
மேலே போய் நின்றது,
கீழே யார் இருக்கிறார்கள் என்று பார்த்தது,
அவசரமில்லாமல் இறங்கி வந்தது.
சுவரில் தொங்கிய உடுக்கைகளின் தோல்
தொடாமலே அதிர்ந்தது.
பில் போடுகிற பிள்ளை பேனாவை எடுத்த இடத்திலேயே வைத்திருந்தாள்.
நான் கண்ணை மூடிக்கொண்டேன்.
பதினாலு ஐநூறு படியேறித் திரும்பி வருகிற சத்தமும்
கூடவே கேட்டது.

"பழகுற ஆளு இல்லையே இது."
"இல்ல."
"பொய் சொன்னியளே தாயி."
"நூத்தம்பது ரூவாப் புல்லாங்குழல் அந்தா தொங்குது.
எட்டாயிரத்துக்கு வராதுன்னியளே, அது என்ன?"

சிரிக்கவில்லை.
தட்டித் திருப்பினார்: பன்னிரண்டாயிரம்.

"சரி அண்ணாச்சி.
இப்ப கேட்டியள்லா, அதுக்கு எவ்வளவு?"
"எதுக்கு?"
"கேட்டதுக்கு."

பையன் கீபோர்டை அணைத்தான்.
ஆவுடையப்பன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.
கடை வாடகை, கரண்டு பில், வட்டி,
அவரும் உள்ளுக்குள் எதையோ
சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்திருப்பார்.

பத்தாயிரத்து நானூறு.
ரெண்டு ரீடு சும்மா.
"டீக்குக் காசு வேண்டாம்," என்றார்,
கடைசி வார்த்தை அவருக்கும் வேண்டுமே.

ஜெயித்தேனா என்று இன்னும் தெரியவில்லை.
நானூறு என்றால் ஆயிரத்து அறுநூறு பீடி.

திரும்பும்போது எனக்கு டிக்கெட் இல்லை, பொம்பளை.
அவருக்கு உண்டு.
பெட்டிக்கும் ஒன்று எடுக்கணும் என்றான் கண்டக்டர்.
"உள்ள என்ன?"
"காத்துதான்," என்றேன்,
முந்தானையை இழுத்துச் செருகியபடி.