சாட்சி எண் நாற்பத்துமூன்று

பச்சை எரிந்தால் பேசலாம்.
மஞ்சள் என்றால் இன்னும் முப்பது நொடி.
சிவப்பு வந்தால் வாக்கியத்தை
நிற்கிற இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.
பதினோரு வருடமாக இந்த மூன்று பொத்தான்களும்
என் பொறுப்பு.

இன்று மசோதா 2117:
துப்பாக்கி வாங்க வருகிறவன்
ஏழு நாள் காத்திருக்கலாமா, கூடாதா.
வெளியே பிப்ரவரிப் பனி. உள்ளே
ஆரஞ்சு ஸ்டிக்கர் இடப்பக்கம், நீலம் வலப்பக்கம்,
பெண்வீட்டார் மாப்பிள்ளைவீட்டார் போல
யாரும் சொல்லாமலே பிரிந்து உட்கார்ந்தார்கள்.
பதாகைக் குச்சிகளை வாசலிலேயே
காவலர் வாங்கி வைத்துக்கொண்டார்,
யாரையாவது குத்திவிடுமாம்.
இடுப்பில் இருப்பதற்கு உரிமம் காட்டினால் போதும்.
கிண்டல் இல்லை. சுற்றறிக்கை இருக்கிறது.

காலையிலிருந்து நாற்பத்திரண்டு பேர்.
ஒரு பண்ணைக்காரி சொன்னாள்:
ஷெரிஃப் என் வீட்டுக்கு வர நாற்பது நிமிடம்,
கதவை உடைக்கிறவனுக்கு ஒன்று.
உண்மைதான். அந்தச் சாலை எனக்குத் தெரியும்.
ஒரு மருத்துவர் தன் கையுறைகளைப் பற்றித் தொடங்கி
மஞ்சளைப் பார்த்ததும் புள்ளிவிவரத்துக்குத் தாவினார்.
ஒரு பையன்,
அந்த ஏழு நாளில் என் அண்ணன் மனம் மாறியிருப்பான் என்றான்.
யாருக்குத் தெரியும், என்றது பின்வரிசை.
சிவப்பு.

அடுத்து வெண்டல் ப்ரூகார்ட்.
சுவர்ப் பலகை ஒட்டிப் பூசுகிறவர்.
இரண்டு பக்கமும் அவரை அழைத்திருந்தது.
இவர்களுக்கு அவர் அந்தப் பள்ளியைப் பழுதுபார்த்தவர்;
அவர்களுக்கு வீட்டில் ஒன்பது துப்பாக்கி வைத்திருப்பவர்.

தொப்பியைக் கழற்றி மைக் பக்கத்தில் வைத்தார்.
"விடுமுறைக்குள் முடிக்கச் சொன்னார்கள்.
பிள்ளைகள் திரும்பி வரும்போது ஒன்றும் தெரியக்கூடாது.
ஓட்டைமேல் வலை ஒட்டி, மூன்று தடவை பூசி,
காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால்
கைக்கே தெரியாது.
பெயின்ட்தான் சேரவில்லை. அந்த மஞ்சளை
கம்பெனி நிறுத்திவிட்டதாம்.
அதனால் தாழ்வாரம் முழுக்க அடித்தேன்,
அடிபடாத சுவருக்கும்."

நாற்காலியைக் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பில் போடவேண்டுமே, அளந்தேன்.
நான் வேட்டைக்காரன். நிற்கிற மானுக்கு
எந்த உயரம் என்று தூக்கத்திலும் சொல்வேன்.
இங்கே தரையிலிருந்து
இருபத்தாறு அங்குலம். இருபத்தெட்டு. இருபத்தைந்து.
உட்கார்ந்திருந்திருப்பார்கள்."

தலைவர் தொண்டையைச் சரிசெய்தார்:
"ஆகவே தாங்கள் இந்த மசோதாவை?"

"ஒன்பதில் ஒன்று என் அப்பாவுடையது.
அதை எவனுக்கும் தரமாட்டேன்."
வலப்பக்கம் கைதட்டல்.
"ஏழு நாள் ஒன்றும் பெரிதில்லை. ஈரம் அதிகமென்றால்
ஒரு பூச்சு காயவே மூன்று நாள் ஆகும்."
இடப்பக்கம் கைதட்டல்.
தன் நாயை யாரோ வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல
இரண்டு பக்கமும் பார்த்தார்.
தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் போனபின்தான் கவனித்தேன்,
பச்சை இன்னும் எரிந்துகொண்டிருந்தது.
யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை.

எட்டுக்கு ஏழு: அடுத்த கூட்டத்தொடருக்குத் தள்ளிவைப்பு.
கோட்டுகளோடு சத்தமும் வெளியேறியது.
சாட்சிப் படிவங்களைக் கணினியில் ஏற்ற உட்கார்ந்தேன்.
ஆதரவு ஒரு கட்டம், எதிர்ப்பு ஒரு கட்டம்.
ப்ரூகார்ட் இரண்டையும் தொடவில்லை.
விரல் பட்ட இடத்தில் வெள்ளைத்தூள்.
திரை சொன்னது: கட்டாயப் புலம்.
கீழ்த்தளத்துக்குப் போன் செய்தேன்.
"ஏதாவது ஒன்றைப் போடு மார்வா,
யார் பார்க்கப்போகிறார்கள்?"

டிராயரில் அளவுநாடா கிடந்தது.
என் மேசை இருபத்தொன்பது அங்குலம்.
மண்டியிட்டுத்தான் அளக்க முடிந்தது.
துப்புரவாளர் வந்து, ஏதாவது தொலைந்துவிட்டதா என்றார்.
இல்லை என்றேன்,
எழுந்திருக்கவில்லை.

கர்சர் துடித்துக்கொண்டிருக்கிறது.
நாற்பத்துநான்காவது பெயரும்
ஏறமுடியாமல் பின்னால் நிற்கிறது.